இருபத்தொன்பதாம் நாள் பிறை

இந்த ஊரில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. வந்த முதல் ஐப்பசியில், அலுவலகம் முடிந்து மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தபோது கூரைகளின் புகைபோக்கிகளுக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பிறை படுத்திருக்கும். மேற்கே தென்னந்தோப்புக்கு மேல், ஆளில்லாத பரிசலைப் போல மல்லாந்து மிதந்து இறங்கும். இங்கே, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அதே பிறை விறைப்பாக நிற்கிறது. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போகப் பிறை எழுந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். காகிதத்தில் கோணம் போட்டுக் காட்டவும் முடியும். ஆனாலும் அன்று நடுத்தெருவில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அதை ஊர்ப் பிறையாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா மார்கரெட் சன்னலைத் திறந்து, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். நிலாவைப் பார்க்கிறேன், எங்கள் ஊரில் இது படுத்திருக்கும் என்றேன். அவர் ஊர் ஏக்கம் என்று முடிவு செய்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தார். எனக்கு அன்று ஏக்கம் ஒன்றும் இல்லை, அந்தக் கோணம்தான் உறுத்தியது. அதை விளக்குகிற அளவுக்கு அப்போது என் ஆங்கிலம் இல்லாததால் தேநீரைக் குடித்தேன்.

நான் இங்கே ஓதம் கணிக்கிறேன். கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும், எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்குள் வரலாம் என்று வருடம் முழுமைக்கும் அட்டவணை போடுகிற வேலை. எல்லாம் நிலாவை வைத்துப் போடுகிற கணக்குதான். கடலே இல்லாத பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண் கடலுக்கு நேரம் குறிக்கிறாள் என்று அலுவலகத்தில் ஒரே வேடிக்கை. போன வருடம் மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை பார்க்கும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், உங்கள் பக்கத்தில் பெண்களைக் கணிதம் படிக்க விடமாட்டார்களாமே, நீ எப்படித் தப்பித்தாய் என்று. ஒரு பொய் சொன்னேன் என்றேன். அவர் சிரித்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைக்காரி என்று அன்றிலிருந்து எனக்குப் பெயர். நான் சொன்னது உண்மை. அந்தப் பொய்யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு இந்த வருடம் தெரிந்துவிட்டது, மீதிப் பேருக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் நான் ஒன்பதாம் வகுப்பு. அத்தா, அதாவது என் அப்பா, சவூதியில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் டைம் கீப்பர். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அத்தாமார்கள் குரலாக மட்டுமே இருந்தார்கள், கேசட்டிலும் போனிலும். அந்த வருடம் பெருநாள் வாழ்த்துச் சொல்ல அத்தா பக்கத்துத் தெரு போன் பூத்துக்குக் கூப்பிட்டார். சவூதியில் பிறை ஒருநாள் முன்பே தெரிந்துவிடும், அவர் அங்கே பெருநாள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறார், நாங்கள் இங்கே நாக்கு வறண்டு முப்பதாவது நோன்பில் நிற்கிறோம். வருடா வருடம் நடப்பதுதான், அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தாவுக்கு ஒரு நிலா, நமக்கு ஒரு நிலாவா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா, "வந்தா ஒங்கத்தாவையே கேளு" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த விடுப்பில் வந்த அத்தாவை நிஜமாகவே கேட்டேன். "நான் என்னத்தக் கண்டேன். அங்கன ஆளுங்க வந்த நேரம், போன நேரம் எழுதுறதுதான் எனக்குத் தெரியும்" என்றார். பெட்டியிலிருந்து பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் வேலைத்தள நோட்டு. பெயர், வந்த நேரம், போன நேரம், ஒப்பம் என்று கட்டம் கட்டியிருக்கும். நான் பெயர் என்ற இடத்தில் பிறை என்று எழுதினேன். மாதா மாதம் மாடியில் ஏறி நின்று, பிறை கண்ணில் பட்ட நேரம் வந்த நேரம், மறைந்த நேரம் போன நேரம். ஒப்பம் என்ற கட்டத்தில் தெரிந்தது அல்லது தெரியவில்லை. மாடியில் காயப்போட்ட துணிகளை அம்மா எடுத்து முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிடும். அந்தி மஞ்சளில் தலைக்கு மேல் கொக்குகள் ஆற்றுப் பக்கம் போகும். உலகத்தில் எனக்கு மட்டும் ஒரு வேலையாள் இருப்பது போலவும், அவன் நேரத்துக்கு வருகிறானா என்று நான் பார்ப்பது போலவும் தோன்றும். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை.

பத்தாவதில் கணக்கில் நல்ல மதிப்பெண் வந்ததால், பெரிய சண்டை போட்டு, டவுனில் கணக்குப் பாடம் உள்ள முதல் குரூப்பில் சேர்ந்தேன். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய பெண்கள் இரண்டு பேர்தான். அவர்களும் கணக்குப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் செல்வியின் வீட்டில் பஞ்சாங்கம் உண்டு. அமாவாசை எத்தனை மணிக்கு முடிகிறது என்று அதில் போட்டிருக்கும். "ஒங்களுக்கு எதுக்குடி அமாவாசை?" என்று சிரித்துக்கொண்டே மாதா மாதம் கையில் எழுதிக்கொண்டு வருவாள். அமாவாசை முடிந்த நேரத்திலிருந்து மறுநாள் அந்தி வரை எத்தனை மணி நேரம் என்று எண்ணுவேன். இரண்டு வருட நோட்டைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. இருபது மணி நேரத்துக்குக் குறைந்த பிறையை எங்கள் மாடியிலிருந்து ஒருதரம் கூட நான் பார்த்ததில்லை. அதை வைத்து, அந்த வருடப் பெருநாள் எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னேன். சரியாக வந்தது. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "என் தம்பி மவ நோட்டுல போட்டா போட்டதுதான்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் பெருமையடித்தவர்தான் எனக்கு நிக்காஹ் பேசினார். நான் பிளஸ் டூவில், அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அத்தாவின் தங்கை மகன், நாங்கள் குப்பி என்று கூப்பிடும் அத்தையின் பிள்ளை ரபீக். குவைத்தில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கும் சாக்லேட் பொட்டலம் கொடுத்தனுப்புவார். சிக்கல் நாளில்தான் வந்தது. ரபீக் விமானத்தில் வந்து இறங்குவது நோன்புக்கு முந்தைய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள். அத்தா நோன்பு தொடங்கிய மூன்றாம் நாள் சவூதிக்குத் திரும்பியாக வேண்டும். எங்கள் ஊரில் நோன்பு மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை, பகலில் விருந்து போட முடியாதே. இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்துவிட்டால் மறுநாளே நோன்பு, கல்யாணத்துக்கு இடமில்லை. தெரியாவிட்டால் மாதத்துக்கு முப்பதாவது நாள் ஒன்று கிடைக்கும். அந்த ஒரே ஒரு நாளில் எனக்கு நிக்காஹ்.

காலண்டரை யாரும் நம்பவில்லை, முந்தைய வருடம் அது ஒருநாள் பிசகியிருந்தது. கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குப்பியும் அம்மாவும் அடுப்படி வாசலில். பெரியத்தா என்னைக் கூப்பிட்டார்.

"நோட்டை எடுத்தா புள்ள. இருபத்தொம்பது அன்னைக்கிப் பிறை தெரியுமா, தெரியாதா? பாத்துச் சொல்லு, சமையக்காரருக்குச் சொல்லணும்."

இதைவிடப் பெரிய மரியாதையை எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. கல்யாணம் வேண்டுமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை, நிலாவைப் பற்றிக் கேட்டார்கள். நோட்டைப் பிரித்தேன். அந்த மாத வரி அங்கே இருந்தது. அமாவாசை விடியற்காலையில்தான் முடிகிறது, அந்திக்குள் பதினாலு மணி நேரம் கூட ஆகாது. கடைசிக் கட்டத்தில் நானே மூன்று வாரத்துக்கு முன்பு பென்சிலால் எழுதி வைத்திருந்தேன், தெரியாது என்று. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொன்னால் அதோடு என் கணக்குப் படிப்பு முடிந்தது.

"தெரியும் பெரியத்தா" என்றேன்.

பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம், பெண்ணுக்குப் பெரியவனாக நான் நிற்கிறேன் என்றார் பெரியத்தா. அத்தா, "நான் இல்லாம என் மூத்த புள்ளைக்கு நிக்காவாண்ணே? அடுத்த தடவ வாரப்ப பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்றால் இரண்டு வருடம். குப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரும் வாங்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று.

இருபத்தொன்பதாம் நாள் மாலை ஊரே மாடியில் இருந்தது. மழை விட்டுக் கழுவியெடுத்த வானம், ஒரு துண்டு மேகம் இல்லை. பிள்ளைகள் தெரியுது தெரியுது என்று கத்துவதும் பெரியவர்கள் எங்கே என்று கேட்பதுமாக மாடிக்கு மாடி குரல்கள் மிதந்தன. எனக்கு மட்டும் தெரியும், அங்கே ஒன்றும் இல்லை. இல்லாததை அத்தனை பேர் ஆசையோடு தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கனவில் நிற்பது போல இருந்தது. மஞ்சள் போய்ச் சிவப்பாகி, சிவப்பு சாம்பலாகியது. திரும்பிப் பார்த்தால் அத்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து என் நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். வந்த நேரம் போன நேரம் பார்த்தே பழகிய கண், நேராகக் கடைசி வரிக்குப் போய்விட்டது. ஒப்பக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"பனி விழுவுது. நோட்டை உள்ள கொண்டு வையி."

பெரியத்தா பக்கத்து மாடியிலிருந்து, என்னடா ஒன் மவ கணக்கு இப்படிப் போச்சு என்று சத்தம் போட்டார். "சின்னப் புள்ள தானேண்ணே, ஒருநாள் பிசகிப்போச்சு, விடுங்க" என்றார் அத்தா. ஒரே ராத்திரியில் விருந்துக்கு ஏற்பாடு செய்ய வழியில்லை. மறுநாள், என் நிக்காஹ் விருந்து நடந்திருக்க வேண்டிய பகலில், நானும் அம்மாவும் புளிச்சோறு சாப்பிட்டோம். நான் முழுத் தட்டையும் சாப்பிட்டேன்.

சவூதி போய்ச் சேர்ந்ததும் அத்தா அனுப்பிய கேசட்டில் எல்லோருக்கும் சலாம் சொல்லி, அம்மாவின் இடுப்பு வலி விசாரித்து, கடைசியில் என் பெயரைச் சொன்னார். "காலேஜில கணக்கையே எடு. தப்பாப் போட்டவ சரியாப் போடக் கத்துக்கணும்ல?" அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு, அதோடு கேசட் முடிந்துவிட்டது. இதைத் தவிர அவர் அந்த மாலையைப் பற்றிப் பேசியதே இல்லை. அரியலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். பஸ் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், புளியமர இலைகளில் கூட வெள்ளைத் தூசி. அந்தச் சுரங்கங்களில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும், ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடலும் நிலாவைப் பார்த்துத்தானே ஏறி வடிந்திருக்கும் என்று சன்னல் கம்பியில் தலை சாய்த்து நினைத்துக்கொண்டே போவேன். பிறகு திருச்சியில் மேற்படிப்பு, அப்புறம் உதவித்தொகை, இந்தக் குளிர்க்கரை. ரபீக்குக்கு வேறு இடத்தில் நல்லபடியாக முடிந்தது, இரண்டு பிள்ளைகள்.

நான் தப்பித்த கதை இவ்வளவுதான் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊரில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் எனக்குப் பட்டப்பெயரே ஒருநாள் பிசகு என்றாகிவிட்டது. விடுமுறைக்குப் போனால், "நாளைக்கி வெள்ளிக்கெழமதானே, இல்ல ஒன் கணக்குல சனியா?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். பெரியத்தா மட்டும் கேலி செய்யவில்லை, அதற்குப் பிறகு நோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பின்னால் முதல் குரூப் கேட்ட பெண்களுக்கு அந்தக் கேலி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இந்த வருடம் வரை தெரியாது.

வைகாசியில் அம்மா போன் செய்தார். பெரியத்தாவின் பேத்தி நஸ்ரீன் பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. முதல் குரூப் கேட்கிறாள், பெரியத்தா முடியவே முடியாது என்கிறார்.

"என்னாம்மா சொல்றாரு?"

"என்னாத்தச் சொல்ல. பொம்பளப் புள்ளைக்கிக் கணக்கு வராதுங்கிறாரு. நம்மூட்டுலயே பாத்தோமேங்கிறாரு. கணக்குப் படிச்சவ நிக்காவும் இல்லாமக் குளிரு நாட்டுல நிக்கிறா, அவ போட்ட கணக்கும் தப்புங்கிறாரு. முன்ன நம்ம தெருவுல ரெண்டு புள்ளைய கேட்டப்பவும் இதையேதான் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டுச் சன்னலருகே உட்கார்ந்தேன். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. இங்கே அதை ஹார் என்பார்கள், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து தெருவை விழுங்கிவிடும். எதிர்வீடு மறைந்தது, சன்னலுக்குக் கீழே இருந்த சைக்கிள் மறைந்தது. என் ஒருத்திக்காக நான் சொன்ன ஒரு சொல், எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் வழியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் எப்படி, ஒருநாளும் தப்பாத கணக்கின் மேல் பழியைப் போட்டு. வெட்கமாக இருந்தது. அழுதேன். மார்கரெட் வந்து பார்த்து, இந்தத் தடவை நான் உண்மையாகவே அழும்போது, சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கஷாயம் போல ஏதோ போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பெரியத்தாவை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். முதலில் எடுத்தது அத்தா. ஊரோடு வந்துவிட்டவர், இப்போது முட்டி வலி. "என்னாத்துக்கும்மா இப்ப அதப் போயிக் கிளர்றே? ஒம்பது வருசம் ஆச்சு" என்றார். நஸ்ரீனுக்காக என்றேன். பெரியத்தாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். நான் மூச்சு விடாமல் சொன்னேன், பதினாலு மணி நேரம், பென்சில் எழுத்து, வாய் சொன்ன பொய், எல்லாம்.

"அப்ப நோட்டுல சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு பெரியத்தா."

"டீக்கடையில ஒன் நோட்டப் பத்தி எம்புட்டுப் பேசியிருப்பேன். அன்னைக்கி ராவோட எல்லாரும் சிரிச்சானுவோ. அப்பறம் நான் அந்தக் கடப் பக்கமே போவல, தெரியுமா ஒனக்கு? நிக்கா வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே புள்ள."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

பெரியத்தா போனை வைத்துவிட்டார். எனக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் அவமானப்பட்டது என் கணக்கை நம்பியதற்காக என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். பெரியத்தா எங்கள் வீட்டுப் பரணில் நஸ்ரீனை ஏற்றி அந்தப் பச்சை நோட்டைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஓரத்தைக் கரையான் அரித்திருந்ததாம், அந்த வரிக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசியைத் தன் துண்டால் துடைத்து, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்பது வருடம் கழித்து அந்த டீக்கடைக்குப் போயிருக்கிறார். இருந்தவர்கள், வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரிடமும் அந்த வரியைக் காட்டி, "பாத்துக்க, தெரியாதுன்னு போட்டுருக்கு, கணக்கு சரி, வாய்தான் பொய்யி" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் கடை அடைக்கும் வரை நகரவில்லையாம். நஸ்ரீன் முதல் குரூப்பில் சேர்ந்துவிட்டாள். இன்னொரு வீட்டுப் பெண்ணும் கூடச் சேர்ந்திருக்கிறாளாம்.

அதே டீக்கடையிலிருந்து செய்தி குப்பி வீட்டுக்கும் போயிற்று. குப்பி இப்போது அம்மாவோடு பேசுவதில்லை. என் பிள்ளை வேண்டாம் என்பதற்காக நோன்புப் பிறையில் போய்ப் பொய் சொன்னவள் என் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நியாயம்தான். ஊரில் இப்போது என் கணக்கை நம்புகிறார்கள், என்னை நம்புவதில்லை. முன்பு இது தலைகீழாக இருந்தது.

இந்த வருடத்து நோன்புப் பிறை அன்று, இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நஸ்ரீன் போன் செய்தாள். அவளுக்கு நான் குப்பி முறை. அங்கே அந்தி. பின்னால் மாடிக் குரல்கள் கேட்டன. பச்சை நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் அவள் எழுதுகிறாள். தெரியும் என்று போட்டிருந்தாளாம், பெரியத்தா கீழேயிருந்து தெரிஞ்சுச்சா தெரிஞ்சுச்சா என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சு குப்பி! படுத்திருக்கு, தோணியாட்டம். ஒங்களுக்கு எப்ப வரும்?"

அலுவலக மேசையில் ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டேன். புரட்டாசிக்கு முன்னே பின்னே, இவ்வளவு வடக்கே, இளம்பிறை சூரியனோடு சேர்ந்தே அடிவானத்தில் இறங்கிவிடும். இன்னும் நாலைந்து நாளைக்குக் கண்ணில் படாது. எங்க பக்கம் இன்னைக்குத் தெரியாதும்மா என்றேன். நெசமாவா குப்பி என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் வலித்தது.

மாலையில் மேலங்கியை மாட்டிக்கொண்டு துறைமுகச் சுவர் வரை நடந்தேன். நான் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே மஞ்சள் போய்ச் சிவப்பு, சிவப்பு போய்ச் சாம்பல். நாயோடு வந்த ஒரு கிழவர், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். பிறைக்கு என்றேன். இன்று வருமா என்றார். வராது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நாயோடு போனார், நான் தலையைச் சாய்த்தபடி வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.